மஞ்சள் பஞ்சு

ஜூலை 4, வெள்ளி

நாய் தொலைகிறது. நாளும் குறித்தாகிவிட்டது, இந்த மாதம் இருபத்தொன்று.

காலையில் வடிவு பெங்களூரிலிருந்து பேசினாள். என் கணவருக்கு ஒரே தங்கை. அதனால் இந்த வீட்டின் முடிவுகளெல்லாம் பெங்களூரில்தான் எடுக்கப்படும். "மதினி, நீங்க கேட்டபடியே ஏற்பாடு பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தாள். நான் கேட்டது உண்மைதான். மாமியார் போன பதினாறாம் நாள், நாற்பது பேர் பந்தியில் இருக்கும்போது, "இந்த நாய முதல்ல வெரட்டுங்க. ஒண்ணு அது இருக்கணும், இல்லன்னா நான் இருக்கணும்" என்றேன். பதினொரு மாதமாக அவள் போனில் கேட்கும்போதெல்லாம் அதையேதான் சொல்லியும் வருகிறேன்.

தென்காசியில் லலிதாங்கி என்று ஓர் அம்மாள் இருக்கிறாராம். தோட்டத்தோடு வீடு. வளர்த்த ஆள் இறந்துபோய் அநாதையான நாய்களை மட்டும் எடுத்துக்கொள்வாராம். முதலில் படம் பார்க்க வேண்டும் என்றாராம். வடிவுக்கும் ஒரு படம் வேண்டும். அம்மாவின் நாயையும் பூனையையும் மடியில் வைத்துக்கொண்டு எடுத்து, பெரிதாக்கி, இருபதாம் தேதி தலைத்திவசத்துக்குச் சுவரில் மாட்ட வேண்டுமாம். அதற்காக வீட்டு மிருகங்களை மட்டுமே படமெடுக்கும் ஒரு பெண்ணை இங்கே பாளையங்கோட்டையிலேயே பிடித்திருக்கிறாள். பதிமூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை.

"குளிப்பாட்டி, நகம் வெட்டி, நீங்கதான் ரெடியா வச்சிருக்கணும் மதினி" என்றாள். மாமியார் இருந்தபோதும் இப்படித்தான் போனிலேயே வேலை வரும். திருப்பிப் படுக்க வையுங்கள், சோற்றைக் குழைத்துக் கொடுங்கள் என்று.

சரி என்றேன். இன்னும் பதினேழு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் போதும்.

ஜூலை 5, சனி

போட்டோ எடுக்கும் பெண்ணின் பெயர் பியூலா. வாட்ஸப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறாள். படம் எடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே குளிப்பாட்ட வேண்டும், அன்றைக்குக் குளிப்பாட்டினால் முடி எழும்பி நிற்குமாம். கண்ணோரம் பீளை இருக்கக் கூடாது. மணி கட்டின பட்டையைக் கழற்றிவிட வேண்டும். பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடக் கூடாது, அதற்குக் காது மரத்துப்போகும். மணம் தூக்கலான தின்பண்டம் கைவசம் இருக்க வேண்டும், கருவாடு மிகவும் நல்லது என்று வேறு போட்டிருந்தாள். சைவப் பிள்ளைமார் வீட்டில் கருவாடு.

கடைசியில் இரண்டு கேள்விகள். மிருகங்களின் பெயர் என்ன? யாருக்குக் கட்டுப்படும்?

நாய் பஞ்சு, பூனை தாசில்தார் என்று பதில் போட்டேன். வேலை ஒன்றும் செய்யாமல் மூன்று வேளையும் சாப்பிடுகிறது என்று மாமியார் வைத்த பெயர் அது. கட்டுப்படுவது யாருக்கும் இல்லை என்று எழுதினேன்.

இந்த நோட்டில் எழுதும் பழக்கமே டாக்டரால் வந்தது. மாமியார் இடுப்பெலும்பு முறிந்து படுத்த மூன்று வருஷமும், எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை தடவை வயிறு போனது என்று எழுதி வைக்கச் சொன்னார். ஆள் போன பிறகும் கை நிற்கவில்லை. இப்போது நாய்க்குப் பீளை துடைத்ததை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பிறவியில் இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஜூலை 7, திங்கள்

நகம் வெட்ட உட்கார்ந்தேன். முன்னங்காலைக் கையில் எடுத்ததும் என் கட்டைவிரல் தழும்பை மோந்து பார்த்தது. அது போட்ட தழும்புதான். இரண்டு வருஷம் முன்பு மாமியாருக்கு விரிப்பு மாற்றும்போது அவர் வலியில் முனக, கட்டிலுக்கு அடியிலிருந்து பாய்ந்து கடித்தது. ரத்தம் விரிப்பில் சொட்டுகிறது. மாமியார் நாயின் தலையைத் தடவி, "எம் புள்ள, நல்ல புள்ள" என்றார். ஊசி போட நான் தனியாக ஆட்டோவில் போனேன். வந்து மறுபடியும் விரிப்பு மாற்றினேன்.

வருகிறவர்களிடமெல்லாம் "எனக்குப் பஞ்சு மட்டுந்தான் ஆதரவு" என்பார். அள்ளிக் கொட்டிய என் கை பக்கத்தில்தான் நிற்கும். எனக்கு வலித்தது. இன்றைக்கும் வலிக்கிறது. இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

ஜூலை 8, செவ்வாய்

முன்னங்கால் நகம் முடிந்தது. பின்னங்கால் பாக்கி.

ஜூலை 9, புதன்

கேமராவைப் பார்த்து மிரளாமல் இருக்க, கறுப்பாக எதையாவது முகத்துக்கு நேரே பிடித்துப் பழக்க வேண்டுமாம். கடுகு டப்பாவை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். நாய் டப்பாவைப் பார்க்கவில்லை. டப்பாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்து என் முகத்தைத் தேடியது. "சனியனே, டப்பாவப் பாரு" என்றேன். வாலை ஆட்டியது. அறிவு கிடையாது.

கால் மணி நேரம் இந்தக் கூத்து. நிமிர்ந்தால் வாசற்படியில் இவர் பேப்பரோடு நிற்கிறார். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல, காப்பி இருக்கான்னு பாக்க வந்தேன்" என்று திரும்பிப் போனார். இருபது வருஷமாக அந்த மனிதர் ஒன்றுமில்லை என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார்.

தாசில்தார் பழக வரவில்லை. அலமாரி மேல் படுத்து இரண்டு பேரையும் பார்த்தது.

ஜூலை 11, வெள்ளி

பட்டியல்படி இன்று குளிப்பாட்டினேன். வயிற்றில் சிவந்து தடித்திருந்தது, சொறிந்துகொண்டே இருந்தது. குப்பைமேனி கிடைக்கவில்லை. வேப்பிலையும் பச்சை மஞ்சளும் அரைத்து வயிற்றில் பூசினேன். முதுகிலும் இருக்குமோ என்று முதுகில் பூசினேன். பிறகு அரைத்தது மிச்சமிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துக் கழுவினால் வேப்பிலை போயிற்று, மஞ்சள் போகவில்லை. வெள்ளை வெளேர் என்றிருந்த பொமரேனியன் சடங்கான பெண் மாதிரி நிற்கிறது. சிகைக்காய் போட்டேன், கடலைமாவு போட்டேன். இன்னும் பளிச்சென்று ஆனதுதான் மிச்சம்.

இந்த வீட்டில் யாருக்குப் புண் வந்தாலும் மஞ்சள்தான் வைப்போம். மாமியாரின் படுக்கைப் புண்ணுக்கும் நான் அதைத்தான் வைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. இருந்தும், படம் எடுப்பதைத் தள்ளிப் போட வேண்டிவருமோ என்று தோன்றியது. தோன்றியதை எழுதுகிறேன், அவ்வளவுதான். வேண்டுமென்று செய்யவில்லை.

ஜூலை 12, சனி

வடிவு வந்து இறங்கினாள். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாகச் சொல்லி இருபத்தொன்று வரை இருக்கப் போகிறாள். செருப்பைக் கழற்றும் முன்பே நாயைப் பார்த்துவிட்டாள்.

"என்ன மதினி இது, மஞ்சக்காமால வந்தது மாதிரி நிக்குது?"

"வயித்துல சொறி. மஞ்ச போட்டேன்."

"வயித்துக்குப் போட்டா காது எப்படி மஞ்சளாவும்?"

அவளாகவே குரலை ஏற்றினாள். "வேணும்னுதான் பண்ணிருக்கிய. அம்மா மேல உள்ள கோவத்த இது மேல காட்டுதிய. அம்மாவத்தான் முகம் குடுத்துப் பாக்கல, அவ நாயவாது ரெண்டு நாள் ஒழுங்கா வச்சிருக்கக் கூடாதா?"

என் கையில் சோற்றுக் கரண்டி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனேன். மூன்று வருஷத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை, மூன்று மூன்று நாள் வந்து, அம்மாவுக்குத் தலை வாரிப் படம் எடுத்துக்கொண்டு போனவள். நான் திரும்பி நின்று அதைக் கேட்டிருந்தால் இருபத்தொன்று வரை ஒரே கூரைக்குக் கீழ் இருக்க முடியாது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டேன். நாய் பின்னாலேயே வந்து என் இடது செருப்பின் மேல் முகவாயை வைத்துப் படுத்தது. உதறினேன். நகர்ந்து மறுபடியும் வைத்தது.

உள்ளே அவள் பியூலாவுக்குப் போன் போட்டாள். "மஞ்சளா இருந்தா என்ன, நீலத் துணி கட்டி எடுத்துருவோம்" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். தள்ளிப் போடவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

பியூலா பத்து மணிக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும், காலில் சாக்ஸ், பேச்சில் அவசரமே கிடையாது. வந்ததும் கேமராவை எடுக்கவில்லை. கூடத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாயை மோந்து பார்க்க விட்டாள். பூனை இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை. கால் மணி நேரத்தில் தாசில்தார் தானாக இறங்கி வந்து அவள் பையில் ஏறிப் படுத்தது. பூனையின் படம் அப்படியே முடிந்தது. வடிவு அதை மடியில் தூக்கி வைத்த படத்தில் மட்டும் அதன் பின்பக்கம்தான் விழுந்திருக்கிறது.

நாய்தான் இடக்கு. மாமியாரின் பிரம்பு நாற்காலியில் வடிவு பட்டுச் சேலையோடு உட்கார்ந்தாள். நாயை மடியில் வைத்தால் குதித்து இறங்கியது. காலடியில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "பஞ்சு, பஞ்சுக்குட்டி, இங்க பாருடா" என்று வடிவு கொஞ்சினாள். பிஸ்கட்டை ஆட்டினாள். நாய் சமையலறை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன்.

"யாரு இதுக்கு சோறு வைக்கா?" என்று பியூலா கேட்டது காதில் விழுந்தது.

"அம்மாதான் வைப்பா. அவ போனப்பறம் இது யாரையும் அண்டாது" என்றாள் வடிவு. இவர் பேப்பரை ஒரு பக்கம் புரட்டினார்.

வடிவு மறுபடியும் பஞ்சு பஞ்சு என்று கூவினாள். அதற்குக் காது மரத்துப்போயிற்று. தோசை தீய்கிறது, கூடத்தில் சத்தம் நிற்கவில்லை, எனக்கு ஆத்திரமாக வந்தது. கரண்டியை எடுத்தபடியே, யாருக்கும் கேட்காது என்று நினைத்து, "சனியனே, அங்கிட்டுப் பாரேன்" என்று முணுமுணுத்தேன்.

நாய் இரண்டு காதையும் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றது.

"அக்கா, இப்ப என்ன சொன்னிய?" என்று பியூலா கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலியே."

"சொன்னிய. இன்னொரு தடவ சொல்லுங்க."

வடிவு என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன். "சனியன்னு சொன்னேன்" என்றேன். நாய் குரைத்தது, கூப்பிட்டதற்குப் பதில் சொல்வது போல. பேப்பருக்குப் பின்னால் இவர் இருமினார்.

"அது மதினி வையிறது" என்றாள் வடிவு. "காலையில இருந்து ராத்திரி வரைக்கும் வைவாவ."

"அப்ப அதுக்கு அதுதான் பேரு" என்றாள் பியூலா. என்னிடம் வந்து, "அக்கா, நீங்க எம் பின்னால வந்து நில்லுங்க. இடது தோளுக்குப் பக்கத்துல. கூப்பிட வேண்டாம். சும்மா நில்லுங்க."

எனக்குத் தெரியும், நான் போய் நின்றால் படம் நன்றாக வரும். படம் நன்றாக வந்தால் லலிதாங்கி அம்மாளுக்குப் பிடித்துவிடும். அடுப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வடிவு கைகளைக் கட்டிக்கொண்டு, இவள் வர மாட்டாள், எங்கள் அம்மாவுக்காக ஒரு துரும்பும் அசைக்க மாட்டாள் என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்துக்காகவே போய் நின்றேன். கையில் தோசையின் முறுகின ஓரம் இருந்தது. கீழே வைக்க மறந்துவிட்டேன்.

வடிவின் மடியில் தாசில்தார் முதுகைக் காட்டிக் கிடக்க, நாய் அவள் காலடியில் அடக்கமாக உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தது. பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. ஒரு தடவைகூட அது கண்ணை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை என்று பியூலா போகும்போது சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு வாய் நீளம்.

ஜூலை 14, திங்கள்

தோசைச் சட்டி தேய்த்தேன். வேறொன்றும் இல்லை.

ஜூலை 16, புதன்

படம் வந்துவிட்டது. நீலத் துணிக்கு முன்னால் மஞ்சள் நாய் பொன்னாக மின்னுகிறது. "மஞ்சளும் நல்லதுக்குத்தான் மதினி" என்றாள் வடிவு. லலிதாங்கி அம்மாளுக்கு உடனே அனுப்பிவிட்டாள்.

கொடுத்துத் தொலைப்பதென்றாலும் முறையாகக் கொடுக்க வேண்டும் அல்லவா? தென்காசிக்கு ஒரு தாளில் விவரம் எழுத உட்கார்ந்தேன். தயிர்சோற்றில் உப்பு போடக் கூடாது. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும், இழுக்கக் கூடாது, பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டால் தானாக வரும். காலை ஆறு மணிக்கு முதல் தோசையின் ஓரம் கொடுக்க வேண்டும், இரண்டாம் தோசை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பும். வலது காதைத் தொடக் கூடாது. வலது காதை நான் தொடலாம், மற்றவர்கள் தொடக் கூடாது என்று எழுதிவிட்டு, முதல் பாதியை அடித்தேன். தாள் இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டது. இன்னொரு தாள் எடுத்தேன்.

மாமியார் போன பிறகு ஒன்பது நாள் அது கட்டிலுக்கு அடியிலிருந்து வரவே இல்லை, உள்ளே தள்ளிவைத்த தண்ணீரை மட்டும் நக்கியது, சோற்றைத் தொடவில்லை. கட்டிலுக்குக் கீழே குனிந்து போய், தரையில் படுத்து, விரலில் தயிர்சோறு வைத்து நீட்டினேன். பதினாறுக்குள் நாயும் செத்தால், நான்தான் பட்டினி போட்டுக் கொன்றேன் என்று ஊர் சொல்லும். அதற்காகத்தான். பத்தாம் நாள் விரலை நக்கியது. கடிக்காத அந்த நாக்கு பட்டதும் கட்டிலுக்கு அடியிலேயே அழுதேன். மாமியார் போனபோது நான் அழவில்லை என்று எல்லோரும் பேசினார்கள். அதுவும் உண்மைதான்.

ஜூலை 18, வெள்ளி

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் லலிதாங்கி அம்மாள் பேசினார். வடிவு கை எச்சிலாக இருந்ததால் போனை மேஜை மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். அதனால் மூன்று பேருக்கும் கேட்டது.

"படம் பாத்தேன்மா. நாய் லட்சணமா இருக்கு. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கேமராவுக்குப் பின்னால யாரு நிக்கா?"

"போட்டோகிராபர்தாம்மா" என்றாள் வடிவு.

"அவளப் பாக்கலியே இது. அவளுக்கு இடது பக்கமா, கொஞ்சம் மேல பாக்குது. அங்கன யாரு?"

வடிவு சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "எங்க மதினி."

"பக்கத்துல இருக்காவளா? நான் சொல்லுதத அவங்களும் கேக்கட்டும். நீ எங்கிட்ட என்ன சொன்ன? ஆளு செத்துப்போன நாய்னுதான சொன்ன? இதுக்கு ஆளு இருக்கே. உசுரோட ஆளு இருக்கும்போது பிரிச்சுக் கொண்டுவந்த நாய் ரெண்ட நான் பாத்துட்டேன்மா. வாசலையே பாத்துக்கிட்டுக் கிடக்கும். ஒண்ணு அப்படியே போயும் போச்சு. என்னால ஆவாது."

"இல்லம்மா, மதினிக்கு அது ஆவவே ஆவாது. வெரட்டச் சொன்னதே அவங்கதான்" என்றாள் வடிவு.

"அவங்க சொல்லட்டும். இது யாரு நாய்?"

வடிவு என்னைப் பார்த்தாள். இவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பதினாறாம் நாள் நாற்பது பேருக்கு முன்னால் சொன்ன சொல் குறுக்கே வந்து நின்றது. பதினொரு மாதம் போனில் சொன்னதெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையாக நின்றது. இந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்த வீம்பு ஒன்றுதான். அதையும் வடிவின் முன்னால் விட வேண்டுமா என்று நினைத்தேன். மேஜைக்கு அடியில் என் இடது பாதத்தின் மேல் முகவாய் கனத்தது.

"என் நாய்" என்றேன்.

"கேக்கலம்மா."

"எம் நாய்தான். யாருக்கும் குடுக்கறதா இல்ல." இந்தத் தடவை கொஞ்சம் அதிகமாகவே சத்தம் வந்துவிட்டது. மேஜைக்கு அடியில் அது குரைத்தது.

"அதச் சொல்லுங்க" என்று லலிதாங்கி அம்மாள் போனை வைத்துவிட்டார்.

வடிவு இடது கையால் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "இத முதல்லயே சொல்லிருக்கலாம்லா மதினி" என்றாள்.

"சொல்லிருந்தா நீ என்ன பண்ணிருப்ப?"

கொஞ்சம் யோசித்தாள். "சிரிச்சிருப்பேன்" என்றாள். பொய் சொல்லவில்லை, அந்த மட்டும் சந்தோஷம். எழுந்து போய்க் கை கழுவினாள். அழுதாளா, வெறுமனே முகம் கழுவினாளா என்று எனக்குத் தெரியாது. அவளும் அந்த நாயின் கண்ணில் தன் அம்மாவைத் தேடித்தான் வந்திருப்பாள். அதற்காக நான் அவளை மன்னித்துவிடவில்லை.

இவர் மட்டும் மோரை ஊற்றிக்கொண்டே, "காலையில ஆறு மணிக்கு நீ அதுகிட்டப் பேசுதது எனக்கு தினமும் கேக்கும்" என்றார்.

"பின்ன ஏன் சொல்லல?"

"நீ என்னைய வையாத நேரம் அது ஒண்ணுதான். கெடுப்பானேன்னுதான்."

ஜூலை 20, ஞாயிறு

தலைத்திவசம் முடிந்தது. முப்பது பேர் சாப்பிட்டார்கள். கூடத்தில் மாமியாரின் படத்துக்கு எதிர்ச் சுவரில் புதுப் படத்தை மாட்டியிருக்கிறார்கள். அதில் வடிவு இருக்கிறாள், தாசில்தாரின் பின்பக்கம் இருக்கிறது, மஞ்சள் நாய் இருக்கிறது.

இவரின் பெரியத்தை பந்தியிலேயே கேட்டார். "ஏட்டி செம்பகம், நாய வெரட்டணும்னு நின்னியே, என்னாச்சு?"

எல்லோரும் திரும்பினார்கள். வடிவு பாயசம் விட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "அது போவாது பெரியத்தை. மதினிகிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். என் இலைக்கு வந்தபோது கால் கரண்டிதான் விட்டாள்.

சாப்பிட்டு எழுந்தவர்கள் படத்தின் முன்னால் கூடினார்கள். நாயின் கண்ணைப் பார்த்து, எதிர்ச் சுவரில் இருக்கும் அம்மாவையே பார்க்கிறது, எவ்வளவு விசுவாசம் என்று கண்ணைத் துடைத்தார்கள். வடிவு என்னைப் பார்த்தாள். நான் எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். மறுத்துப் பேசவில்லை. மூன்று வருஷம் "எனக்குப் பஞ்சு மட்டுந்தான்" என்றவருக்கு, திவசத்தன்று அந்தப் பார்வையும் போகட்டும். அது எங்கே பார்க்கிறது என்று எனக்குத் தெரியும்.

சனியனின் காதில் மட்டும் இன்னும் மஞ்சள் போகவில்லை. நாளை இருபத்தொன்று. பின்னங்கால் நகம் வெட்ட வேண்டும்.